இரண்டு நாற்காலியும் ஒரு வேலியும்

என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் பேச்சை நிறுத்தியதற்குக் காரணம் ஒரு புல் வெட்டும் மிஷின். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். நானும் முதல் வாரம் சிரித்தேன். அது வருஷக்கணக்கில் இழுத்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் இரண்டு வீடும் ஒட்டினாற்போல் இருக்கும். இரண்டுக்கும் பின்னால் ஒரே அளவு மண், நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு செடிவேலி. மிஷினை அண்ணனும் தம்பியும் கூட்டாக வாங்கினார்கள். ஒரு நாள் அதன் பிளேடு ஒரு கல்லில் மோதி வளைந்தது. கல் யார் பக்கத்துக் கல் என்பதில் ஆரம்பித்த வாக்குவாதம், சின்ன வயசில் யார் யாருடைய சைக்கிளை உடைத்தார்கள் என்பது வரைக்கும் போனது. கடைசியில் என் வீட்டுக்காரர் பிளேடைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வந்துவிட்டார். அன்றிலிருந்து பிளேடு இல்லாத மிஷின் அங்கே, மிஷின் இல்லாத பிளேடு இங்கே.

"புதுசா ஒண்ணு வாங்கிட்டாத்தான் என்ன?" என்று கேட்டேன்.

"வாங்கினா அந்த மிஷின் அந்த ஆளோடதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

அந்தப் பக்கத்திலும் இதே நியாயம்தான். ஆக இரண்டு பக்கமும் புல் முழங்கால் வரை வளர்ந்தது, பிறகு இடுப்பு வரை வளர்ந்தது. துணி காயப்போடப் போனால் கழற்றி விட்ட செருப்பைக் காலால் துழாவித் தேட வேண்டியிருந்தது. இரண்டு பெரிய மனிதர்களும் ஜன்னல் வழியாக அந்தக் காட்டைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்களுக்கும் தடை போட்டிருந்தார்கள். எங்களுக்கு என்றால் எனக்கும் என் ஓரகத்திக்கும். "அந்த வீட்டோட உனக்கு என்ன பேச்சு" என்று இவர் என்னிடம் சொன்னார். அதையே பெரியவர், அதாவது இவருடைய அண்ணன், அக்காவிடம் சொன்னார். அக்கா என்றுதான் நான் ஓரகத்தியைக் கூப்பிடுவேன். இந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த எங்கள் இரண்டு பேருக்கும் ஒருத்தியை விட்டால் இன்னொருத்திக்கு ஆள் கிடையாது. எதைப் பற்றிச் சிரிக்கிறோம் என்று வேறு யாரிடமும் விளக்கிச் சொல்லிப் புரிய வைக்கவும் முடியாது.

நல்லவேளையாக வேலியில் ஒரு ஓட்டை இருந்தது. துணிக்கொடிக்குப் பக்கத்தில் ஒரு கிளை பட்டுப்போய், முகம் தெரியும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. சாயங்காலம் நான் துணி காயப்போடுவேன், அக்காவும் துணி காயப்போடுவாள். இருட்டப் போகிற நேரத்தில் எந்தத் துணி காயும் என்று இரண்டு ஆண்பிள்ளைகளுக்கும் கேட்கத் தோன்றியதே இல்லை. காலையில் காய்ந்த துணியையே மறுபடி நனைத்து எடுத்துக்கொண்டு போன நாள் எல்லாம் உண்டு. நான் ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். நாள் முழுக்க அடுத்தவர்கள் வாயைத் திறப்பதைப் பார்த்துவிட்டு வருகிற எனக்கு, என் வாயைத் திறக்க அந்த ஓட்டை ஒன்றுதான் கதி.

அதற்கும் வந்தது ஆபத்து. இவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். வீட்டில் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தார்.

"பின்னாடி முழுக்க சுத்தம் பண்ணி நல்ல தோட்டமா போட்டுடலாம்," என்றார் ஒரு காலை. எனக்கு ஆச்சரியம். அடுத்த வரியில் அது செத்தது. "வேலியைப் பிடுங்கிட்டு சுவர் எழுப்பிடலாம். நல்ல உயரமா. அந்த ஆளு மூஞ்சியில முழிக்க வேண்டாம்."

"இப்ப மட்டும் முழிக்கிறீங்களாக்கும்?"

"சத்தம் வருது."

"என்ன சத்தம்?"

"இருமறாரு."

அன்று சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். ஓட்டை வழியாகத் தெரிந்த முகம் வாடிவிட்டது. "சுவர் வந்துட்டா நான் யார்கிட்டடி பேசுவேன்? இவர்கிட்டயா?" என்றாள். அவள் சும்மா கேட்கவில்லை.  அந்தச் சுவர் எழும்பினால் எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதி செங்கல்லுக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள். என்ன ஆனாலும் சரி, சுவர் வரக்கூடாது என்று நான் அன்றைக்கே முடிவு கட்டினேன்.

அந்த வாரம்தான் பல்வலியோடு ஒரு பெண் கிளினிக்குக்கு வந்தாள். அகலத் தொப்பி, மண் ஒட்டிய பூட்ஸ், ஒரு கன்னம் மட்டும் பன் மாதிரி உப்பியிருந்தது. பல்வலிக்காரர்கள் எல்லாரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்ப்பார்கள். இவள் நேராக மூலைக்குப் போய், நாங்கள் அலங்காரத்துக்கு வைத்திருந்த செடித் தொட்டியைத் தூக்கி ஜன்னலோரம் வைத்தாள். "இதுக்கு வெளிச்சமே படல. பாவம், இத்தனை நாளா சுவரைப் பாத்துட்டு நிக்குது," என்று வீங்கிய வாயோடு என்னைத் திட்டினாள். பதிவுக்காகத் தொழில் கேட்டேன். லேண்ட்ஸ்கேப் கான்ட்ராக்டர், வீடுகளுக்குத் தோட்டம் போட்டுத் தருகிறவள் என்றாள். அவளோடு வந்த ஆள் அவளைத் தலைவி என்று கூப்பிட்டான். நானும் அப்படியே பிடித்துக்கொண்டேன்.

பல்லைப் பிடுங்கிவிட்டு வாயில் பஞ்சோடு வெளியே வந்தவளை மடக்கி உட்கார வைத்து, மிஷின், பிளேடு, வேலி, ஓட்டை, வரப்போகும் சுவர் எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சு இருந்ததால் குறுக்கே பேச முடியாமல் முழுவதையும் கேட்டாள். இப்படிக் காது கொடுத்துக் கேட்கிற ஆள் எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து கிடைத்ததில்லை. முடித்ததும் பஞ்சை எடுத்தாள்.

"நான் சுவர் கட்டறவ இல்ல. ஆனா வீட்டுக்காரர் கேட்டா ஆள் கூட்டிட்டு வந்துதான் ஆகணும். வேண்டாம்னு அவர் வாயாலயே வரணும்."

"அவர் வாயிலேர்ந்து அப்படி எதுவும் வராதே."

"நாற்காலி போட்டா வரும்," என்று சொல்லிவிட்டுப் பஞ்சைத் திரும்ப வைத்துக்கொண்டாள்.

தோட்டம் போட ஆள் கிடைத்துவிட்டது என்று இவரிடம் சொல்லி வைத்தேன். அந்த வாரக் கடைசியில் வந்தாள். இவர் அவளை வேலைக்கு நேர்காணல் செய்கிற தோரணையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எத்தனை வருஷ அனுபவம், என்ன மாதிரி மண், தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று கேட்டுக்கொண்டே போனார். அவள் புல்லுக்குள் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வண்டியிலிருந்து ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"எங்க உக்காரணும்னு தோணுதோ அங்க போட்டு உக்காருங்க. சாயங்காலத்துல ஒரு மணி நேரம், ஒரு வாரம். அப்புறம் வரேன்."

"எதுக்கு?"

"நான் எப்பவும் இப்படித்தான் செய்வேன். வீட்டுக்காரங்க வாயால சொல்ற தோட்டம் வேற, உக்காந்து பாக்கற தோட்டம் வேற. நாற்காலி எங்க போகுதுன்னு பாத்துட்டுத்தான் மண்ணுல கை வைப்பேன்."

அவள் போனதும் இவர் வாய் கிழியச் சிரித்தார். "நாற்காலி போட்டு உக்காரச் சொல்றதுக்கு ஒரு கான்ட்ராக்டரா! நல்ல ஆளைப் பிடிச்ச போ." சாயங்காலம் நாற்காலியோடு இறங்கினார். பெரிய மரத்தடியில் போட்டார், பிடிக்கவில்லை. சமையலறை வாசலுக்குப் பக்கத்தில் போட்டார், அதுவும் பிடிக்கவில்லை. கடைசியில் புல்லை மிதித்து மிதித்து வழி பண்ணிக்கொண்டு வேலிக்கு முன்னால் போய், அதற்கு மூக்கை ஒட்டினாற்போல் போட்டு உட்கார்ந்தார்.

"அங்க என்ன இருக்கு?" என்றேன்.

"காத்து வருது."

வேலி அடர்த்தியாக நிற்கிற இடத்தில் காற்று எப்படி வரும் என்று நான் கேட்கவில்லை. நானும் சில சமயம் வாயை மூடிக்கொள்ளத் தெரிந்தவள்தான்.

அந்தப் பக்கம் அக்கா தன் வேலையைக் கச்சிதமாகச் செய்திருந்தாள். "அவங்க வீட்டு வாசல்ல தோட்டம் போடறவங்க வண்டி நின்னுதுங்க" என்று காப்பி கொடுக்கும்போது ஒரு வார்த்தை விட்டிருக்கிறாள். பெரியவருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. "யாரு அது? அதே ஆளைக் கூப்பிடு. அவனுக்குப் போடறதைவிட நமக்கு நல்லா போடணும்." மறுநாளே தலைவி அந்தப் பக்கமும் ஒரு நாற்காலி கொடுத்தாள். பெரியவரும் தோட்டம் முழுக்கச் சுற்றிவிட்டு, வேலிக்கு முன்னால் கொண்டுபோய்ப் போட்டார். கேட்டதற்கு, நிழல் இருக்கிறது என்றாராம்.

துணிக்கொடிப் பக்கம் நின்று நானும் அக்காவும் ஓட்டை வழியாக இரண்டு பக்கத்தையும் பார்த்தோம். நடுவில் வேலி. அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர், எதிரும் புதிருமாக, இலையைப் பார்த்துக்கொண்டு. இவர் இருமினார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு இருமல் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து ஒரு செருமல், இங்கிருந்து ஒரு பதில் செருமல். இரண்டு பேருக்கும் தொண்டையில் ஒரு கோளாறும் கிடையாது. அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். நான் ஈரத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

பெரியவர் போனில் கிரிக்கெட் வர்ணனையைச் சத்தமாக வைத்துக் கேட்பார். "காது ஜவ்வு கிழியுது. இதுக்குத்தான் சுவர் வேணும்கிறேன்," என்று இவர் என்னிடம் குதிப்பார். ஒரு நாள் அந்தப் பக்கம் சத்தமே வரவில்லை. இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு தடவை இருமிப் பார்த்தார், பதில் இல்லை. உள்ளே வந்து தண்ணீர் குடிக்கிற சாக்கில் என்னிடம், "இன்னைக்கு மேட்ச் இல்லையா?" என்றார். பெரியவர் முடிவெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்ல முடியாதே. தெரியாது என்றேன். பாவமாகத்தான் இருந்தது.

வாரம் முடிந்து தலைவி வந்தாள். புல் மிதிபட்டுக் கிடந்த இடத்தைப் பார்த்தாள், அந்தப் பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. காட்டை அழித்தார்கள், மண்ணைக் கொத்திச் சமன் செய்தார்கள், சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு நடைபாதைக்குக் கல் பதித்தார்கள். பாய் மாதிரி சுருட்டி வந்த புல்லை உருட்டி விரித்தபோது இவர் குழந்தை மாதிரி பின்னாலேயே நடந்தார். அண்ணன் தம்பிக்குச் சண்டை வைத்த அந்தக் கல்லும் அகப்பட்டது. தலைவி அதைத் தூக்கி யாருக்கும் சொல்லாமல் நடைபாதையில் பதித்துவிட்டாள்.

"அந்தப் பக்கம் என்ன செடி வைக்கறீங்க?" என்று இவர் கேட்டார்.

"ஒரு வீட்டு விஷயத்தை இன்னொரு வீட்டுல சொல்ல மாட்டேன். பிரமாதமா வந்திருக்குன்னு மட்டும் சொல்றேன்."

"இதைவிடவா?"

"அதான் சொல்ல மாட்டேன்னேனே. இதுவும்தான் நல்லா வந்திருக்கு. என்ன, சுவர் வந்துட்டா அந்தப் பக்கத்துக்காரங்க கண்ணுல இது படாது. கொடுத்து வெச்சது அவ்வளவுதான்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மறுநாள் தலைவியைச் சமையலறைப் பக்கம் ஒதுக்கிக் கூட்டிக்கொண்டு போனார். நான் உள்ளே பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன். "சுவர் இப்ப வேண்டாம். வேலியில பாதியை வெட்டி எடுத்துடுங்க. அந்த ஆளு பாக்கட்டும். பாத்து வயிறு எரியட்டும். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

அதே நாள் பெரியவரும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, வேலியில் பாதியை எடுக்கச் சொல்லியிருக்கிறார். தம்பி பார்த்து நாக்கைப் பிடுங்கிக்கொள்ள வேண்டுமாம்.

எனக்கும் அக்காவுக்கும் தலைகால் புரியவில்லை. சுவர் ஒழிந்தது. வேலி இடுப்பளவு ஆகிவிட்டால் ஓட்டை எதற்கு, நிமிர்ந்து நின்றே பேசலாம். அன்றைக்கு ஓட்டை வழியாக ஆளுக்கொரு டம்ளர் டீயை நீட்டிக் கொண்டாடினோம்.

மறுநாள் கிளினிக்கிலிருந்து வந்து பின்கதவைத் திறந்தால் வேலியே இல்லை. இருந்த தடத்தில் புதுப் புல் விரித்திருந்தது. அக்காவின் துணிக்கொடியும் என் துணிக்கொடியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு மானம் கெட்டு நின்றன.  தலைவி கையைத் துடைத்துக்கொண்டு வண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ணிட்டீங்க? பாதின்னுதானே சொன்னாரு!"

"இவர் பாதி எடுக்கச் சொன்னாரு. அவர் பாதி எடுக்கச் சொன்னாரு. ரெண்டு பேரும் வெளிய போயிருந்த நேரமாப் பாத்து ரெண்டு பாதியும் எடுத்தேன்."

"விளையாடறீங்களா? ரெண்டு பேரும் நேருக்கு நேர் முட்டிக்கிட்டா நாளைக்கே சுவர் வந்து நிக்கும். அக்காவும் போயிடுவா, ஓட்டையும் போயிடும். எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்!" என்று கத்தினேன்.

அவள் என் தோளில் மண் கையை வைத்தாள். "இவ்வளவு இடம் இருக்க, ரெண்டு பேரும் வேலிக்கு மூக்கை ஒட்டிட்டு உக்காந்தாங்கம்மா. நாற்காலி போட்ட இடத்துல எது மறைக்குதோ அதை எடுக்கறதுதான் என் வேலை. சுவர் வந்தா என்னைக் கேளு."

சாயங்காலம் ஆனது. இவர் வழக்கம்போல் நாற்காலியோடு தலையைக் குனிந்துகொண்டு நடந்து, வழக்கமான இடத்தில் போட்டு உட்கார்ந்து, நிமிர்ந்தார். எதிரே பெரியவர் உட்கார்ந்திருந்தார். முழங்காலும் முழங்காலும் இடிக்காத குறை. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. முதலில் எழுந்தவன் தோற்றவன் என்று இருவருக்குமே தோன்றியிருக்கும். நானும் அக்காவும் ஆளுக்கொரு காய்ந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம்.

இவர் இருமினார். பெரியவர் இருமினார். அதோடு இருமல் தீர்ந்துபோய்விட்டது.

"புல்லு மேடு பள்ளமா இருக்கே," என்றார் பெரியவர், எங்கள் பக்கத்தைப் பார்த்து.

"உங்க பக்கம் மட்டும் என்னவாம்," என்றார் இவர்.

போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பிளேடு இருக்கா, தூக்கிப் போட்டுட்டியா?"

"இருக்கு."

"துரு ஏறியிருக்கும்."

"அதெல்லாம் இல்ல. வளைவை நிமித்தி வெச்சிருக்கேன். அப்பப்ப எண்ணெய் போட்டுத் துடைக்கறேன்."

இது எனக்கே தெரியாது. மாடிப்படிக்கு அடியில் அடிக்கடி போய் என்னத்தைக் குடைகிறார் என்று திட்டியிருக்கிறேன். கூடவே இருந்தும் தெரியாமல் போயிற்றே என்று இருந்தது.  பெரியவர் எழுந்து வீட்டுக்குள் போனார். தோற்றுப்போய் எழுந்தவர் அவர்தான். திரும்பி வந்தபோது மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். தூசி படாமல் இருக்க அதற்குப் போர்வை சுற்றியிருந்தது. அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. "காணாமப்போன என் நல்ல போர்வைடி," என்று அழுதுகொண்டே சொன்னாள். நானும் அழுதேன், நடுவில் சிரிப்பும் வந்தது.

அதற்குள் இவர் பிளேடைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். மாட்டிய மிஷினைச் சும்மா வைத்திருக்க முடியுமா? "ஒரு தடவை ஓட்டிப் பாப்போம்டா" என்றார் அண்ணன். நாங்கள் கத்தக் கத்த, இப்போதுதான் விரித்து இன்னும் வேர் பிடிக்காத புல்லின் மேல் அண்ணன் தள்ள, தம்பி கூடவே வழி காட்ட, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் பாயைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டி எடுத்துவிட்டார்கள். பிறகு அது யாருடைய தப்பு என்று சண்டை பிடித்துக்கொண்டார்கள். ஆனால் இந்தச் சண்டையில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் திட்டினார்கள். எனக்குக் காது குளிர்ந்தது.

இத்தோடு கதையை முடித்துக்கொள்ளலாம்தான். முடித்தால் எங்கள் இரண்டு பேர் கதி என்ன?

மறுநாளிலிருந்து அண்ணனும் தம்பியும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. காலையில் நாற்காலி போட்டால் விளக்கு வைக்கிற வரைக்கும் பேச்சு. நானும் அக்காவும் துணியோடு போய் நின்றால், "வந்தாச்சா, அப்படியே டீ கொண்டா" என்பார் ஒருவர். "என்ன ரகசியம், எங்களுக்கும் சொல்லு" என்பார் மற்றவர். அவர்களைப் பற்றிப் பேச வந்தவர்கள் அவர்களுக்கு முன்னாலேயே என்ன பேசுவது? பகிரங்கமாகப் பேசிக்கொள்ள எங்களுக்கு மிஞ்சியது நாளைக்கு என்ன சமையல் என்பது மட்டும்தான். இருமலுக்குப் பதில் இருமல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் இப்போது எங்கள் வாயைக் கட்டிவிட்டார்கள். ஒரு நாள் அக்கா துணியைக் கொடியில் எறிந்துவிட்டு, "ஓட்டையே தேவலை," என்றாள். நான் நினைத்ததும் அதுதான்.

கிழிந்த புல்லைச் சரி செய்யத் தலைவி வந்தாள். இரண்டு கதாநாயகர்களுக்கும் நன்றாகத் திட்டுக் கொடுத்தாள். எங்கள் முகத்தைப் பார்த்தாள்.  வண்டியிலிருந்து இரண்டு மடக்கு நாற்காலியை எடுத்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாள்.

எங்களுக்கு ஒரு வாரம் தேவைப்படவில்லை. நானும் அக்காவும் ஒருவரையொருவர் கலந்துகொள்ளாமல், இரண்டு தோட்டத்தையும் கடந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற மூலைக்கு நடந்தோம். அங்கே நாற்காலியைப் போட்டு, இரண்டு வீட்டுக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். தலைவி சுண்ணாம்புத் தூளால் எங்களைச் சுற்றி ஒரு கோடு போட்டாள்.

செடி நடும்போது இவர் வந்து நின்றார். "இது என்ன?"

"வேலி," என்றேன்.

"யாருக்கு எதிரா?"

"உங்க ரெண்டு பேருக்கும்தான்."

"நடுவுல எங்கயாவது கொஞ்சம் ஓட்டை விடட்டுமா?" என்று தலைவி கேட்டாள்.

"வேண்டவே வேண்டாம்!" என்று நானும் அக்காவும் ஒரே மூச்சில் கத்தினோம். ஓட்டையின் அருமை எங்களுக்குத்தானே தெரியும்.

வேலி இப்போது தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது. நேற்று சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் டம்ளரோடு உட்கார்ந்து அண்ணன் தம்பியைப் பிய்த்து மேய்ந்துகொண்டிருந்தோம். அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது, பிறகு இன்னொன்று.  அப்புறம் ஒரு இருமல். அது என் வீட்டுக்காரர். தொடர்ந்து இன்னொன்று, அது பெரியவர்.

நான் அசையவில்லை. அக்காவுக்குத்தான் மனசு இளகிவிட்டது. தொண்டையைக் கனைக்கப் போனவளின் வாயில் டம்ளரை வைத்து அழுத்தினேன்.